களைப்புக்கு ஒரு டப்பா

பெண்ணின் களைப்புக்கு இன்று விலைப்பட்டியல் இருக்கிறது. காரைக்குடியில் எந்த மருந்துக் கடைக்குள் நுழைந்தாலும் மாத்திரைக்கு முன்னால் டப்பாக்கள்தான் கண்ணில் படுகின்றன. முருங்கைப் பொடி, தண்ணீர்விட்டான் கிழங்குச் சூரணம், ‘பெண்களுக்கென்றே’ ரோஸ் நிறத்தில் சத்து மாவு. நம் உடம்பில் எது குறைகிறது என்று சந்தை சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது. ஏன் குறைகிறது என்று மட்டும் அது கேட்பதில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4. மாதவிடாயும் பேறுகாலமும் கொக்கிப்புழுவும் காரணங்கள்தாம். அடுக்களையும் ஒரு காரணம். செட்டிநாட்டுச் சமையல் என்ற பலகை உலகமெங்கும் தொங்குகிறது. குழம்பிலிருந்த ஈரல் யார் இலைக்குப் போனது, சமைத்தவள் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தாள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. பசித்து உண்ணச் சொல்கிறது குறளின் ‘மருந்து’ அதிகாரம். பசித்தும் கடைசியில் உண்பவளுக்கு அதில் அறிவுரை இல்லை.

பாட்டி கொடுத்த சத்துதானே இது என்று விற்பவர்கள் சொல்வார்கள். உளுந்தங்களியும் கும்மாயமும் நல்ல உணவுதான், மறுக்கவில்லை. ஆனால் பூப்பெய்தியபோது களி கொடுத்தார்கள், பிள்ளை பெற்றபோது லேகியம் கொடுத்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அவள் என்ன சாப்பிட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. ஊட்டியது கருப்பைக்கு. அந்த மரபைத்தான் இன்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

கடைக்கு வராத பெண்களையும் எட்டுவதற்குச் சம்பளம் கேட்காத விற்பனையாளர் தேவை. அவளும் பெண்தான். கல்லூரி ஓய்வறையில் டப்பாவின் பெயர் மாறும், வசனம் மாறாது: “அக்கா, பிசினஸ்னு நெனைக்காதீங்க, உங்க உடம்புக்காகத்தான் சொல்றேன்.” அடுத்த மாதம், “நீங்களும் நாலு பேரைச் சேத்து விடுங்கக்கா.” நம் நட்பும் உறவும்தான் இந்த வணிகத்தின் கிடங்கு. ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிடு திட்டங்களை 2021இன் நேரடி விற்பனை விதிகள் தடை செய்தன. சத்துப் பொருள்களைப் பெருமளவில் விற்கும் ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய்ச் சொத்துகளை 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை முடக்கியபோது சுமத்திய குற்றச்சாட்டும் பிரமிடு மோசடிதான்.

மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சத்துப் பொருள்களின் உறையில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்கின்றன 2016இன் உணவுப் பாதுகாப்பு விதிகள். விற்கும்போது மருந்து, கேள்வி கேட்டால் உணவு. உறையில் எழுத முடியாததைத் தோழியின் வாய் சொல்லிவிடுகிறது. தோழியின் வாய்க்கு லேபிள் கிடையாது.

இதற்கிடையே, விலையில்லாத இரும்புச்சத்து மாத்திரை ஒன்று இருக்கிறது. வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒன்று, நீல நிறம், 60 மில்லிகிராம் இரும்பு. கர்ப்பிணிகளுக்கு 180 நாள், சிவப்பு. கமிஷன் இல்லாததால் இதற்காக யாரும் வீடு தேடி வந்து பேசுவதில்லை. குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று மாணவிகள் தூக்கி எறிகிறார்கள். கறுப்பது இயல்பு, டீயோடு விழுங்கினால் இரும்பு சரியாகச் சேராது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ துணை செய்யும் என்று பத்து நிமிடம் சொல்லித்தர ஆளில்லை. முருங்கைப் பொடியின் மகிமையைச் சொல்லவோ தெருவுக்கு நான்கு பேர்.

மாணவிகளே, டப்பா வாங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்து எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். உறையிலுள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். விற்பவள் தோழியானாலும், இதில் உனக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இரவில் எல்லோரோடும் சேர்ந்து உட்காருங்கள், முட்டையைச் சமமாகப் பங்கிடச் சொல்லுங்கள். வீட்டில் சண்டை வரும். வரட்டும்.