போன் பெட்டியில் இல்லாத தேதி

மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. அபிஷேகப்பாக்கத்துப் பெட்டிக்கடையில் விற்கும் பிஸ்கோத்துப் பொட்டலத்தில்கூட இருக்கிறது. ஆனால் ஒரு விவசாயத் தொழிலாளி எட்டாயிரம், ஒன்பதாயிரம் கொடுத்து, அதுவும் தவணையில், வாங்குகிற செல்போன் பெட்டியில் அந்தத் தேதி இல்லை. ஏன் இல்லை?

செல்போனுக்கு ஏது காலாவதி என்று சிலர் கேட்கலாம். உண்டு. போனை நடத்துவது அதனுள் இருக்கும் இயங்குதளம். அதில் திருடன் நுழையக்கூடிய ஓட்டைகள் ஓயாமல் கண்டுபிடிக்கப்படுகின்றன, அடைக்கவும்படுகின்றன. 2015ல் ‘ஸ்டேஜ்பிரைட்’ என்ற ஓட்டை அம்பலமாயிற்று. ஒரு படச் செய்தியை அனுப்பியே பிறர் போனைக் கைப்பற்றலாம் என்ற நிலை! அதன் பிறகுதான் ஆண்ட்ராய்டுக்கு மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் என்ற ஏற்பாடு வந்தது.

திருத்தம் வெளிவருகிறது, நம் போனுக்கு வந்து சேருகிறதா? பாகூர் ஏரியின் மதகைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வர எத்தனை மடை தாண்ட வேண்டும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். இங்கும் அதே கதைதான். கூகுள் திருத்தத்தை வெளியிடும். குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிகள் தங்கள் பங்கைச் சேர்க்க வேண்டும். பிறகு சாம்சங், ஷாவ்மி, விவோ, ஓப்போ என்று ஒவ்வொரு கம்பெனியும், தான் மேலே பூசியிருக்கும் பூச்சுக்கு ஏற்ப, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியே சோதித்து அனுப்ப வேண்டும். ஆப்பிள் கம்பெனிக்கு இந்தத் தொல்லை இல்லை. போனும் இயங்குதளமும் ஒரே கையில். 2017ல் ‘ட்ரெபிள்’ என்ற திட்டத்தால் சிப் சார்ந்த பகுதியைக் கூகுள் தனியே பிரித்தது. வேலை சற்று எளிதாயிற்று. கடைமடை இன்னும் காய்கிறது.

“பழைய சிப்புக்கு அதைச் செய்த கம்பெனியே ஆதரவை நிறுத்திவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்?” என்கிறார்கள் போன் முதலாளிகள். இது முழுப் பொய்யல்ல. ஆனால் 2023ல் கூகுள் தன் பிக்சல் 8க்கும், 2024ல் சாம்சங் தன் எஸ்24க்கும் 7 ஆண்டுத் திருத்தம் தருவதாக வாக்களித்தது எப்படி? விலை உயர்ந்த போனுக்கு முடிகிறது. மலிவு போன்கள் பலவற்றுக்கோ இரண்டு மூன்று ஆண்டுகளில் கணக்கு முடிந்துவிடுகிறது. போனை அதிக நாள் வைத்திருப்பவர் யார்? தவணை கட்டி வாங்கியவர்தானே!

சர்க்கார் என்ன செய்கிறது? அதன் ‘செர்ட்-இன்’ அமைப்பு ஆண்ட்ராய்டு ஓட்டைகளைப் பற்றி அடிக்கடி அபாய அறிவிப்பு விடுகிறது. கம்பெனி தரும் திருத்தத்தை உடனே ஏற்றுங்கள் என்று உபதேசிக்கிறது. கம்பெனி தராவிட்டால்? அதற்கு அந்த அறிவிப்பில் பதில் இல்லை.

இதே சர்க்கார்தான் 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்குச் செல்போன் வழியே வருகைப் பதிவைக் கட்டாயமாக்கியது. அங்கன்வாடி ஊழியரின் பதிவேட்டையும் போனுக்குள் கொண்டுபோயிற்று. 2021ல் மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பெண்கள், வேலைப் பளுவைத் தாங்காத தரக்குறைவான போன்களைச் சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். குறை போனுடையது; திட்டு வாங்கியவர்கள் ஊழியர்கள்!

பிற நாடுகளில் வழி பிறந்திருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்பதைக் கம்பெனி பகிரங்கமாக அறிவித்தே தீர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலாகும் விதி இன்னும் கறாரானது: கம்பெனி வெளியிடும் புதுப்பிப்புகளை, ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். அங்கே இதற்குப் பணிந்து வியாபாரம் செய்யும் கம்பெனிகள்தான் இங்கேயும் கடை விரித்திருக்கின்றன. நம்மவர்கள் கேட்கவில்லை, அவர்கள் கொடுக்கவில்லை.

ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. நல்லதே. ஆயினும் அந்த வழக்கு சந்தை ஆதிக்கத்தைப் பற்றியது. கடைமடைப் போனுக்குத் திருத்தம் வருமா என்பதைப் பற்றியதல்ல.

கடைசித் திருத்தத் தேதியைப் பெட்டியின் மேல் தமிழிலும் அச்சிட வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழான போனுக்கும் 5 ஆண்டு உறுதி வேண்டும். இவற்றுக்கு டில்லியில் விதி வர வேண்டும். அதற்கு நாள் பிடிக்கலாம். ஆனால் புதுவை சர்க்கார் தன் ஊழியருக்குப் போன் வாங்க அடுத்த டெண்டர் விடும்போது, 5 ஆண்டுத் திருத்தம் தராத கம்பெனி வர வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கலாமே! அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.