ஆளுக்கேற்ற மட்டை

கோல்ஃப் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் உங்களில் மிகச் சிலரே இருப்பீர்கள். தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம். ஆட்டக்காரருக்குப் பின்னால் ஒருவர் பெரிய பையைச் சுமந்து வருகிறாரல்லவா? அதில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அவற்றின் நீளமும் சாய்வும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாறுபடும். இவற்றைக் கடையில் இருப்பது இருக்கிறபடி வாங்குவதா, சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல் உடலையும் வீச்சையும் அளந்து அமைத்துக்கொள்வதா என்பது கோல்ஃப் ஆடுவோரிடையே ஓயாத வாதம். அளந்து அமைப்பதே சரி என்பது என் கட்சி. ஆனால் ஒன்று: தமிழில் அளப்பது என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. கதை அளப்பதும் அளப்பதுதானே!

முதலில் உண்மையான அளவைப் பார்ப்போம். மட்டையின் தலையைத் தரையில் வைத்தால், அதன் தண்டு தரையோடு ஒரு கோணத்தில் நிற்கும். இதை நிலைக்கோணம் என்று வைத்துக்கொள்வோம். தலையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது முகச் சாய்வு. பந்து மேலே எழும்புவது பெரிதும் இதனால்தான். ஆட்டக்காரரின் கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு ஏற்ப நிலைக்கோணம் அமைய வேண்டும். அமையாவிட்டால் தலையின் ஒரு முனை தரையைத் தொடும். மறுமுனை தூக்கிக்கொண்டு நிற்கும்.

"நின்றால் என்ன?" என்று கேட்பீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். முன் அட்டை உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி மேசைமேல் நிறுத்தி, உங்களை நோக்கி 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். இடது மூலையை மேசையிலேயே வைத்துக்கொண்டு வலது மூலையை மட்டும் சற்றே உயர்த்துங்கள். அட்டை இப்போது நேரே பார்க்கவில்லை, இடப்பக்கம் திரும்பிவிட்டது! மட்டையிலும் இதுவே நடக்கிறது. திரும்பும் கோணம், நிலைக்கோணத்தில் உள்ள பிழையை முகச் சாய்வின் டேன்ஜென்டால் பெருக்கினால் ஏறத்தாழக் கிடைக்கும். முகச் சாய்வு 45 டிகிரி என்றால் டேன்ஜென்ட் 1. ஆகவே 3 டிகிரி பிழை, முகத்தை 3 டிகிரி திருப்பிவிடும். 100 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 5 மீட்டர் விலகல். பந்து விழ வேண்டிய குழியின் விட்டமோ 108 மில்லிமீட்டர்தான். நீண்ட தூரம் அடிக்கும் 'டிரைவர்' மட்டையில் முகச் சாய்வு 10 டிகிரி அளவே இருப்பதால், அதே பிழை அரை டிகிரிதான் திருப்பும். எந்த மட்டையில் கவலைப்பட வேண்டும், எதில் வேண்டாம் என்பதை உங்கள் பள்ளி முக்கோணவியலே சொல்லிவிடுகிறது, பார்த்தீர்களா?

இதை வியாபார முறையாக்கியவர்களில் முக்கியமானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகே கோல்ஃப் ஆட வந்தார். தம் ஆட்டம் சரிவராமல் போகவே மட்டையை ஆராயத் தொடங்கினார். 1959-இல் வீட்டு வண்டிக் கொட்டகையில் அவர் செய்த மட்டை, பந்தை அடித்ததும் 'பிங்' என்று ஒலித்தது. அதுவே அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. 1972-இல் அந்த நிறுவனம் வண்ணப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. ஆளின் உயரத்தையும், மணிக்கட்டிலிருந்து தரை வரையுள்ள தூரத்தையும் அளந்து, அதற்கேற்ற நிலைக்கோணத்தைக் குறிக்கும் முறை அது. கறுப்புப் புள்ளி நடுத்தரம். நீலம் சற்று நிமிர்ந்தது. சிவப்பு சற்றுப் படுத்தது. உயரம் ஒன்று போதாதா, மணிக்கட்டு எதற்கு? உங்கள் உயரமே உள்ள நண்பரோடு நின்று இரண்டையும் அளந்து பாருங்கள், தெரியும்.

இதில்தான் 'ஸ்டாண்டர்டு' மட்டையின் குட்டு வெளிப்படுகிறது. அமெரிக்க விமானப் படை 1950-இல் 4,000-க்கும் மேற்பட்ட விமானிகளின் உடலை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற ஆய்வாளர், 10 அளவுகளிலும் சராசரியை ஒட்டியிருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை! சராசரி மனிதருக்கென்று செய்த இருக்கை ஒருவருக்கும் பொருந்தாத இருக்கையாக இருந்தது. கடையில் 'ஆண்கள் மட்டை', 'பெண்கள் மட்டை' என்று பிரித்து வைப்பதும் இதே கதைதான். நெடிதுயர்ந்து வேகமாக வீசும் ஒரு பெண்ணின் கையில் குட்டையான, வளைந்துகொடுக்கும் மட்டையைத் திணித்துவிட்டு, அவள் சரியாக ஆடவில்லை என்பது என்ன நியாயம்?

"ஸ்பெயின் நாட்டு செவே பாயெஸ்டரோஸ் சிறுவயதில் கடற்கரை மணலில் ஒரே ஒரு மட்டையை வைத்துப் பழகினாரே, பிரிட்டிஷ் ஓப்பனை மூன்று முறை வெல்லவில்லையா?" என்பார்கள். வென்றார். பொருந்தாத மட்டையோடு போராடி, ஆட்டத்தையே விட்டுவிட்ட சிறுவர்களின் கதையை மட்டும் எவரும் எழுதி வைப்பதில்லை.

இனி என் எதிர்க்கட்சி வாதம். நின்ற நிலையில் எடுத்த அளவு தொடக்கம்தான். வேகமாக வீசும்போது தண்டு வளைகிறது. தலையின் நுனி கீழே தாழ்கிறது. ஆகவே வீச்சையும் அளக்க வேண்டும். இப்போது இதற்கு டாப்ளர் ரேடார் கருவிகள் வந்துவிட்டன. ஒரு மை பேனாவும் உதவும். பந்தில் தடித்த செங்குத்துக் கோடு போட்டு, அந்தப் பக்கத்தை மட்டையை நோக்கி வைத்து அடித்தால், கோடு மட்டை முகத்தில் பதியும். முகத்திலுள்ள வரிப்பள்ளங்களுக்குச் செங்குத்தாகப் பதிந்தால் கோணம் சரி. சாய்ந்து பதிந்தால் பிழை. எவ்வளவு எளிய சோதனை!

கருவி எதுவானாலும், கதை அளப்பது அடுத்த படியில்தான் தொடங்கும். பழைய மட்டையால் நாலு அடி, பிறகு புதியதால் பத்து அடி, அவற்றில் மிக நீண்டதைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு கூடிவிட்டது!" என்பது. முதலில் அடிக்கும்போது உடம்பு சூடேறியிருக்காது. பின்னால் அடித்தவை தாமாகவே மேம்படலாம். இரண்டு மட்டைகளையும் மாற்றி மாற்றி, சம எண்ணிக்கையில் அடிக்க வேண்டும். சராசரி எவ்வளவு, பந்துகள் எவ்வளவு சிதறின என்ற இரண்டையும் எழுத வேண்டும். சிதறலைவிட வித்தியாசம் சிறிதென்றால் அந்த வித்தியாசத்தை நான் நம்பமாட்டேன். தண்டின் மேல் அச்சிட்ட 'ரெகுலர்', 'ஸ்டிஃப்' என்ற சொற்களையும் அப்படியே நம்ப வேண்டாம். அவற்றுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவு கிடையாது.

இன்னொரு செய்தியையும் விற்பவர்கள் பலர் முதலில் சொல்வதில்லை. பல இரும்பு மட்டைகளின் கழுத்தைப் பிடிகருவியில் மாட்டி, ஒன்றிரண்டு டிகிரி வளைத்தே நிலைக்கோணத்தைச் சரிசெய்துவிடலாம். சில நிமிட வேலை. வளரும் வயதில் உள்ளவர்களுக்கு இதுவும், நீளத்தைச் சரிபார்ப்பதும் போதும். அடுத்த ஆண்டு மணிக்கட்டின் உயரமே மாறிவிடும்போது, இன்றைய அளவுக்குப் புதிதாக ஒரு பை நிறைய மட்டை வாங்கச் சொல்பவர், உங்கள் வீச்சை அளக்கவில்லை. உங்கள் அப்பாவின் பணப்பையை அளக்கிறார்.