மூடுபனியா, தூறலா?

எமது தமக்கையின் மகன் கனடாவிலுள்ள ரொறன்ரோ நகரில் வசிக்கின்றான். வருகின்ற தை மாதத்தில், தங்கையின் திருமணத்தை முன்னிட்டு மூன்று வாரம் யாழ்ப்பாணம் வந்து தங்கவிருக்கின்றான். சென்ற மாதம் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மண்டபம் அமர்த்தியாயிற்றா, மேளகாரருக்கு அச்சாரம் கொடுத்தாயிற்றா என்று கேட்டிருப்பான் என எண்ணியே பிரித்தோம். உள்ளே இருந்ததோ தவளை விசாரம். "மாமா, நான் இல்லாத நாட்களில் என் தவளைகளுக்கு ஈரம் கொடுப்பது எப்படி? மூடுபனி இயந்திரம் வாங்குவதா, தூறல் இயந்திரம் வாங்குவதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருந்தான்.

தவளைக்கு வீடு அமைப்பாரும் உளரோ என்று நேயர்கள் நகைத்தல் கூடும். கண்ணாடிப் பேழையினுள்ளே மண்ணும் பாசியும் பன்னமும் வைத்துச் சிறு பிராணிகளை வாழவிடுவது மேனாடுகளில் பலருக்கு உவப்பான பொழுதுபோக்கு. மூடிய கண்ணாடிக்குள் தாவரம் தானே ஈரத்தைக் காத்து வாழும் என்பதை 1829ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் நதானியேல் வார்ட் என்பவர், போத்தலுக்குள் தற்செயலாக முளைத்த பன்னத்தைப் பார்த்துக் கண்டுகொண்டார். அவர் பெயர் பெற்ற பேழைகளிலேதான் 1876இல் கியூ பூங்காவிலிருந்து இறப்பர் நாற்றுக்கள் இலங்கைக்கு வந்திறங்கின. ஆகவே நாம் நகைப்பதற்கில்லை.

மருமகன் வளர்ப்பவை தென் அமெரிக்கக் காடுகளுக்குரிய நச்சம்புத் தவளைகள். பெயரைக் கேட்டு அஞ்சவேண்டாம். காட்டில் உண்ணும் எறும்பு முதலிய பூச்சிகளாலேயே அவற்றுக்கு நஞ்சு சேர்கின்றது. பேழையிற் பிறந்து பழ ஈயை உண்டு வளர்பவற்றுக்கு அது இல்லை. தவளை வாயால் நீர் அருந்துவதில்லை. தோலாலேயே உறிஞ்சுகின்றது, தோலாலேயே இழக்கவும் செய்கின்றது. மாரிகாலத்தில் வெப்பமூட்டிய கனடா வீட்டின் காற்றோ அப்பளம் காயுமளவுக்கு வறண்டது. ஈரம் தவறினால் அவன் திரும்பிச் செல்லும்போது பேழையில் உயிர் இராது.

இவ்விடயத்தில் எமக்கும் சிறிது பட்டறிவு உண்டு. எமது வளவின் ஓர்க்கிட் கொட்டகையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன், அழகுக்கு மயங்கி அதற்கொரு மூடுபனிக் கருவி வாங்கினோம். விசையை அழுத்தியதும் நுவரெலியாவின் விடியற்காலை தொட்டிக்குள் வந்திறங்கியது. அயலவர் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்தனர். ஈரமானி நூற்றுக்கு 95 காட்டிற்று. இரண்டு கிழமையில் அடியிலிருந்த பாசி பழுப்பேறிக் கருகியது. மேலே பன்னத்தின் இலைகளில் சுண்ணாம்பு பூசியது போல் வெண்மை படிந்தது.

காரணத்தைப் பின்னரே அறிந்தோம். அக்கருவியிலுள்ள சிறு தட்டு வினாடிக்கு ஏறத்தாழ 17 இலட்சம் தடவை அதிர்ந்து நீரைத் துகளாக்குகின்றது. அத்துகள் தலைமயிரின் தடிப்பிற் பத்தில் ஒரு பங்கும் இராது. அது காற்றை ஈரமாக்குமேயன்றி வேரை நனைப்பதில்லை. அன்றியும், நீரிற் கரைந்துள்ள உப்பும், தேங்கிய நீரிற் பெருகும் கிருமியும் துகளோடு சேர்ந்தே பறக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணக்கற் பாறையில் ஊறியது. கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். தவறு கருவியுடையதன்று, எம்முடையதே.

தூறல் இயந்திரம் வேறு வகையானது. சிறிய பம்பி ஒன்று, சதுர அங்குலத்துக்கு நூறு இறாத்தல் அளவான அழுத்தத்தில் நீரை நுண்ணிய வாய்களினூடாகச் செலுத்துகின்றது. துளி பெரிது, இலையிற் படிந்து, உருண்டு, மண்ணை அடையும். பாசியும் குடிக்கும், தவளையும் குடிக்கும். மூடுபனி கண்ணுக்கு, தூறல் தாகத்துக்கு. ஒன்றைத்தான் வாங்க முடியுமாயின் தூறலை வாங்கு என்று எழுதினோம்.

அத்துடன் விட்டுவிட மனம் வரவில்லை. இரண்டு வாய்கள் சேர்ந்து நிமிடத்துக்கு 160 மில்லிலீற்றர் பொழிவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு நான்கு தடவை, தடவைக்கு அரை நிமிடம் எனில் 320 மில்லிலீற்றர். 21 நாளுக்கு ஏழு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. நீரின்றி ஓடினால் பம்பி கெடுமாதலால் 15 லீற்றர் வாளி வைக்கச் சொன்னோம். வாளியைப் பேழைக்கு மேலே வைத்தால் பம்பி நின்ற பின்னரும் நீர் தானே வடியக்கூடும். கீழேயே வைக்க வேண்டும். மின்சாரத்தை விட்டு நிறுத்தும் கருவி வினாடிக் கணக்கில் இயங்குவதாக இருத்தல் அவசியம். கடைகளில் மலிவாக விற்கப்படுபவற்றுட் பல கால் மணிக்குக் குறைந்து நில்லா. கால் மணி ஓடினால் 2,400 மில்லிலீற்றர். ஒரே நாளிற் பேழை குளமாகிவிடும். எதற்கும் அடியில் கல்லடுக்கும் வடிதுளையும் இருக்கட்டும்.

நீரைப் பற்றியும் எச்சரித்தோம். ரொறன்ரோ நகரக் குழாய்நீரில் குளோரினோடு அமோனியாவும் சேர்த்துக் குளோரமீன் ஆக்கிவிடுகின்றனர். வாளியில் ஓரிரவு திறந்துவைத்தால் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை இதற்குச் செல்லாது. காய்ச்சி வடித்த நீரே தக்கது, வாய்களும் அடைபடா. காற்றுப் புகும் வலையை மட்டும் முற்றாக அடைக்கலாகாது. ஒரு தூறலுக்கும் மறு தூறலுக்கும் இடையே இலை சற்று உலரவேண்டும். அன்றேல் பூஞ்சணம் பிடிக்கும்.

இதனைப் படிக்கும் சிறுவர் எவரேனும் மலைநாட்டுக் கொம்பு ஓணானையோ காட்டுத் தவளையையோ பிடித்துவந்து கண்ணாடியில் அடைக்க நினையாதிருப்பாராக. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு இடங்கொடாது. எமது கொம்பு ஓணான்களைப் பிறநாட்டார் பேழைக்காகக் கடத்துவது கண்டு, 2019இல் ஜெனீவா மாநாட்டில் அவற்றைச் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்கவும் நேர்ந்தது. பன்னமும் பாசியும் வளருங்கள். அவற்றுக்கும் தூறல் வேண்டும்.

புறப்படுமுன் இரண்டு கிழமையாவது இயந்திரத்தை ஓடவிட்டுப் பார் என்று கடிதத்தை முடித்திருந்தோம். நேற்றுப் பதில் வந்தது. வாங்கிப் பூட்டிவிட்டானாம். மூன்றாம் நாள் இரவு குழாய் ஒன்று பொருத்திலிருந்து கழன்று, நிலக்கம்பளம் முழுவதும் நனைந்துவிட்டதாம். நல்லவேளை, அவன் வீட்டில் இருந்தான். இப்பொழுது பொருத்துக்களை மாற்றி, மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கின்றான்.