பட்டணத்தில் கடல் இல்லை, பயிற்சிக்குமா பஞ்சம்?

நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், காவிரிப்பூம்பட்டினம் - பட்டினம் என்றாலே கடற்கரை ஊர் என்பது தமிழ் வழக்கு. நம் அயோத்தியாப்பட்டணத்துக்கும் பட்டணம் என்று பெயர் இருக்கிறது, கடல்தான் இல்லை! கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போனால்தான் கடலூரில் அலையைக் காணலாம். இப்படிப்பட்ட ஊரின் இளைஞர்கள் கடலில் நீந்தும் பந்தயத்துக்குத் தயாராகலாம் என்று நாம் எழுதினால், "தறிக்காரன் பிள்ளைக்குக் கடல் நீச்சல் ஒரு கேடா?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். பதில் சொல்லத்தானே பேனா பிடித்திருக்கிறோம்!

டிரையத்லான் என்பது மூன்று பந்தயங்களை ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி. முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். 2000-ம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அங்கே வகுத்த அளவு: நீச்சல் ஒன்றரை கிலோமீட்டர், சைக்கிள் 40, ஓட்டம் 10. 2019-ல் கோவாவின் மிராமர் கடற்கரையில் நடந்த போட்டியில் அளவு இன்னும் பெரிது: கடலில் 1.9 கிலோமீட்டர், சைக்கிளில் 90, ஓட்டம் 21.1.

இந்த மூன்றில் இரண்டு, உழைப்பவன் வீட்டில் பிறந்தவனுக்குப் புதிதா? சேகோ ஆலைக்கும் தறிப்பட்டறைக்கும் சைக்கிள் மிதித்த கால்கள் இவை. போலீஸ் வேலைக்கும் பட்டாள வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள் என்றால் விடியற்காலையில் நெடுஞ்சாலையில் ஓடுகிற பிள்ளைகள் இவர்கள். மிச்சம் இருப்பது நீச்சல் ஒன்றுதான். பயம் இருப்பதும் அங்கேதான்.

"ஏன், நமக்கா நீச்சல் தெரியாது? சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் பழகியவர்கள் அல்லவா?" என்பீர்கள். உண்மை. கிணறு நமக்குத் தந்த பெரும் செல்வம், தண்ணீரைக் கண்டு அஞ்சாத மனம். ஆனால் தோழர்களே, கிணற்றில் நாலு கை போட்டால் எதிர்ச்சுவர். தலையைத் தூக்கியபடி அடித்துக்கொண்டு போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். கடலில் சுவரும் இல்லை, படிக்கட்டும் இல்லை, அடியில் தரையும் தெரியாது. அலை முகத்தில் அறையும். நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே கோணலாகப் போவோம். உடன் நீந்துகிறவன் கால் நம் தாடையில் படும். அங்கே வெறும் துணிச்சலை நம்பி இறங்கியவன் நீச்சல், கடப்பாரை நீச்சலாகத்தான் முடியும்!

இது பயமுறுத்தும் பேச்சல்ல, கணக்கு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் உயிர் விட்டவர்கள், இதயம் நின்று விழுந்தவர்கள் எல்லாம் சேர்த்து 135 பேர் என்று மருத்துவ ஆய்வு ஒன்று கணக்கெடுத்தது. அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலின்போது! எனவே பந்தயத்துக்குப் பெயர் கொடுக்குமுன் மருத்துவரிடம் நெஞ்சைச் சோதித்துக்கொள்வது கோழைத்தனம் அல்ல. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது கட்டாயம் என்றே நாம் சொல்வோம்.

சரி, எப்படித் தயாராவது?

முதல் பாடம் மூச்சு. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விட வேண்டும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுக்க வேண்டும். கிணற்றில் பழகியவர்களுக்கு இதுதான் கடினம். இது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்தது தூரம். 50 மீட்டர் குளத்தில் 30 தடவை போனால் ஒன்றரை கிலோமீட்டர். முதல் வாரம் நாலு தடவை போதும். வாரத்தில் மூன்று நாள், ஆறு மாதம், அவசரம் கூடாது. மூன்றாவது, திசை. கடலில் மிதவையைப் பார்த்துத்தான் போக வேண்டும். ஆறேழு கை வீச்சுக்கு ஒரு முறை முதலை போலக் கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கிப் பார்க்கும் பழக்கத்தைக் குளத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

பிறகுதான் கடல். போட்டிக்கு முன் சில தடவையாவது கடலில் நீந்தியே ஆகவேண்டும். தனியே அல்ல, கடலை அறிந்த மீனவத் தோழர்களின் படகு பக்கத்தில் வர, கரையை ஒட்டி நீந்த வேண்டும். நீவாடு என்று அவர்கள் சொல்லும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அவர்கள் ஒரு பார்வையில் சொல்வார்கள். அது புத்தகத்தில் கிடைக்காத படிப்பு. கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் எதிர்த்துப் போராடக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகிய பின் கரையை நோக்கித் திரும்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கிழக்குக் கடற்கரையில் பயிற்சியே வேண்டாம்.

உப்புநீர் நல்ல நீரைவிடக் கனமானது. உடலைச் சற்று அதிகமாகத் தாங்கும். அது நமக்கு லாபம். நம் கடல் வெதுவெதுப்பானது; குளிர்நாட்டார் விலை கொடுத்து வாங்கும் ரப்பர் உடை நமக்குத் தேவைப்படாது. அதுவும் லாபம். களைத்துப் போனால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கினால் காவல் படகு வரும். படகைப் பிடித்து இளைப்பாறலாம். அதன் உதவியால் முன்னே நகராதவரை விதி அதை அனுமதிக்கிறது. அதில் அவமானம் எதுவும் இல்லை.

தோல்வியிலும் அவமானம் இல்லை. வங்கத்துப் பெண் ஆரத்தி சாகா 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். கரை சேர முடியவில்லை. அழுதுகொண்டு ஊர் திரும்பினாரா? அடுத்த மாதம் 29-ந் தேதி மீண்டும் இறங்கிக் கடந்தார்; அதைக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆனார். கடலை எளிதாக எண்ணக்கூடாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 1971-ல் பாக் நீரிணையைப் போகவர நீந்திய வல்வெட்டித்துறை வீரர் ஆனந்தன், 1984-ல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் நீத்தார். அத்தகைய வீரருக்கே அந்தக் கதி என்றால், அரைகுறைப் பயிற்சியோடு இறங்குகிறவன் எந்த மூலை?

கடல் இல்லாத ஊரில் பிறந்தவனால் முடியுமா என்ற கேள்விக்கு நம் பக்கத்து ஈரோடு பதில் சொல்லிவிட்டது. அங்கே பிறந்த குற்றாலீஸ்வரன், பன்னிரண்டு வயதில், 1994-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அந்த ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, 1966-ல் மிஹிர் சென் வைத்த சாதனையை முறியடித்தார். 1996-ல் அர்ஜுனா விருது பெற்றார். ஈரோட்டில் ஏது கடல்? சென்னையில் குளமும் கடலும் பயிற்சியாளரும் கிடைத்தார்கள். பையன் செய்து காட்டினான். கிடைக்காத ஊர்களில் எத்தனை குற்றாலீஸ்வரன்கள் கிணற்றோடு நின்றுபோனார்கள் என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

இங்கேதான் பணம் குறுக்கே வந்து நிற்கிறது. பெரிய போட்டிகளின் நுழைவுக் கட்டணமே ஒரு தொழிலாளியின் மாதக் கூலியை விழுங்கிவிடும். பந்தய சைக்கிளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் நீச்சலுக்குத் தேவை கண்ணாடியும் தொப்பியும், அப்புறம் தண்ணீர்! அந்தத் தண்ணீராவது ஏழைக்குக் கிடைக்க வேண்டாமா? திருமணிமுத்தாற்றில் இறங்கி நீந்து என்று இன்று எந்தத் தாய் தன் பிள்ளைக்குச் சொல்வாள்?

"ஆறு கெட்டால் கெட்டதுதான்" என்று கைவிரிப்போர் பாரிஸைப் பார்க்கட்டும். 2024 ஒலிம்பிக்கில் சேன் நதியின் நீர் மாசுபட்டிருந்ததால் ஆண்கள் டிரையத்லானை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். உலகம் கைகொட்டிச் சிரித்தது. ஆனால் நூறு கோடி யூரோவுக்கு மேல் கொட்டிச் செய்த துப்புரவு வீண்போகவில்லை. 1923 முதல் குளிக்கத் தடை இருந்த அந்த நதியை 2025 கோடையில் பொதுமக்கள் நீந்தத் திறந்துவிட்டார்கள். பந்தயத்துக்காகத் தொடங்கிய வேலை, பாமரனுக்குப் பயன் தந்தது.

"சோற்றுக்கு வழியில்லாதவனுக்கு நீச்சல் ஆடம்பரம் அல்லவா?" என்பார்கள் சிலர். இல்லை என்கிறோம் நாம். 2021-ல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலோர் ஏழை நாட்டவர், ஏழை வீட்டவர். கல்குவாரிக் குட்டையிலும் ஏரியிலும் விடுமுறை நாளில் மூழ்கும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? மாளிகைப் பிள்ளைக்கு மாடியிலேயே குளம் இருக்கிறது; ஆசிரியரும் இருக்கிறார். நம் பிள்ளைக்குக் கல்குட்டை. ஆசிரியர் இல்லை, காவலும் இல்லை. எனவே நீச்சல், பதக்கத்துக்கு முன்னால் உயிர்ப் பிரச்னை.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். ஒன்றியத்துக்கு ஒரு பொது நீச்சல் குளம், ஏழைக்குக் கட்டணமின்றி. பள்ளிப் பாடத்தில் நீச்சல். பயிற்சி பெற்ற ஆசிரியர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே. சாக்கடை கலக்காத ஏரி.

இதை மன்றங்களில் பேசுங்கள். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மனு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குளம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நீச்சல் தெரிந்த பெரியவர் இருவர் கரையில் காவல் நிற்க, நல்ல தண்ணீர் உள்ள கிணற்றில் ஞாயிறுதோறும் பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அந்தப் பத்தில் ஒருவன் கடலுக்குப் போகட்டும். மற்ற ஒன்பது பேரும் நீரில் மூழ்காமல் வாழட்டும்!