நகத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூட்டுவலி பற்றிய தங்கள் கட்டுரை பயனுள்ளது. ஆனால் சொரியாசிஸ் என்ற தோல்நோயோடு தொடர்புடைய மூட்டழற்சி விடுபட்டுவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் என் தம்பிக்கு இந்நோயால் கைவிரல்கள் முழுதாக வீங்கின. ‘வேலைப்பளு’ என்று மருத்துவர்கள் வலி மாத்திரைதான் தந்தார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் பரிசோதனையில் ஒன்றும் தெரியாததால், வாதமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். இந்நோயில் அந்தச் சோதனை பெரும்பாலும் நெகட்டிவ்தான். தோலில் செதில், நகத்தில் சிறு குழிகள், முழுவிரல் வீக்கம், குடும்பத்தில் சொரியாசிஸ் ஆகியவற்றை இந்நோயை அடையாளம் காண 2006இல் வெளியான காஸ்பர் அளவுகோல் கணக்கில் கொள்கிறது. தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகச் சிதையலாம்.

இஎஸ்ஐ மருந்தகங்களிலும் தொழிற்சாலை மருத்துவ முகாம்களிலும் மூட்டுவலியோடு வருவோரின் தோலையும் நகத்தையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் உடனே சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் வாதநோய்ப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

— வாசகர், கும்மிடிப்பூண்டி