குழாயடியும் மன்றமும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது பழமொழி. நான் குடியிருக்கும் டெய்ரி ஃபார்மிலோ, தை பிறந்தால் தண்ணீர்க் கவலை பிறக்கும்! மழை ஓய்ந்து தனிகாரி அணையில் நீர் குறையக் குறைய, முறை வைத்துத்தான் குழாயில் தண்ணீர் வரும். குடங்கள் வரிசையில் நிற்கும். குழாயடியில் வாய்ச்சண்டை மூளும். ஆனால், பேச வேண்டிய இடம் குழாயடிதானா?

தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு குறை என்றால் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போகலாம். அந்தமானுக்குச் சட்டமன்றமே இல்லை. பாராளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினரை அனுப்புகிறோம். அதை விட்டால், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய இந்தப் போர்ட் பிளேரில், நம் வாக்கால் அமைவது நகராட்சி மன்றம் ஒன்றே. 2022 மார்ச்சில் 24 வட்டங்களுக்கும் தேர்தல் நடந்தது. வாக்களித்தோம், கடமை தீர்ந்தது என்று வீடு திரும்பிவிட்டோம்!

சிற்றூர்களில் மக்கள் நேரே கூடிக் கேள்வி கேட்கக் கிராம சபை உண்டு. நகரத்தாருக்கோ, மூன்று லட்சம் மக்கள் இருந்தால்தான் வட்டக் குழு கட்டாயம் என்கிறது அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம். 2011 கணக்குப்படி நம் நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சமே. ஆயினும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லையே தவிர, தடுக்கவில்லை. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1ஆம் நாள் நகரங்களிலும் பகுதி சபைகள் கூடின. இங்கும் கூடினால் என்ன?

அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒரு கணக்குச் சொல்கிறேன். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை. 50 சதுர மீட்டர்க் கூரையில் விழுவது 1,50,000 லிட்டர். நால்வர் வாழும் வீட்டுக்கு நாளொன்றுக்கு 400 லிட்டர் என்றால், மழையற்ற நான்கு மாதங்களுக்கு 48,000 லிட்டர் போதும். வானம் வஞ்சிக்கவில்லை! ஆனால் 48,000 லிட்டரைச் சேர்த்து வைக்க நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் ஆழமும் உள்ள தொட்டி வேண்டும். வாடகை வீட்டுக்காரன் எங்கே கட்டுவான்? பத்து வீடு சேர்ந்தால் பொதுத் தொட்டி கட்டலாம். இடம் எது, செலவு யாருடையது, பங்கீடு எப்படி? இவற்றைத் தனியொருவன் முடிவு செய்ய இயலாது. கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பிழைக்க வந்த இடத்தில் நமக்கு ஏன் வம்பு?" என்பார் சிலர். பிழைக்க வந்தவனுக்கும் அதே தாகந்தானே! உத்திரமேரூர்க் குடவோலையையும் ஏரி வாரியத்தையும் மேடைதோறும் புகழ்கிறோம். நம் வட்டத்தின் எண்ணைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? அன்று சொந்த நிலமும் வீடும் உடையவன் பெயரைத்தான் குடத்தில் இட்டார்கள். இன்று ஒரு சாண் நிலமும் இல்லாதவனுக்கும் வாக்குண்டு. தேர்தலில் நிற்கும் உரிமையும் உண்டு. முன்னோருக்கு இல்லாத அந்த உரிமையை நாம் துருப்பிடிக்க விடலாமா?

தோழர்களே! மூன்று மாதத்திற்கு ஒரு முறை வட்டக் கூட்டம் வேண்டும் என்று அவரவர் உறுப்பினருக்கு விண்ணப்பம் எழுதுவோம். எத்தனை நாள் தண்ணீர் வந்தது, எந்தக் குழாய் ஒழுகுகிறது, எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கை அங்கே கேட்போம். தமிழர் மட்டும் தனியே போக வேண்டாம். வங்காளி, தெலுங்கர், மலையாளி என அண்டை வீட்டார் அனைவரையும் அழைத்துச் செல்வோம். இந்தியில் பேசத் தயங்கும் நம் தாய்மாருக்குத் துணை நிற்போம். படித்த படிப்பு அதற்கேனும் பயன்படட்டும்!