நீலப்பிரதியும் லயத்துக் காணியும்

அற்றன் தொடக்கம் நுவரெலியா வரையுள்ள தோட்டங்களின் பழைய நில அளவைப் படங்களும் தொழிற்சாலை வரைபடங்களும் அழிந்துவிடுமுன், அவற்றைப் பிரதிசெய்யும் பழம் பொறிகளை அகற்றிப் புதியன அமைத்தல் வேண்டும். 'சம்பளமே போதாத மக்களுக்குப் படப்பொறி எதற்கு?' என நகைப்போர் உளர். காணி உறுதிக்கு நில அளவைப் படமே அடிப்படை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்ட நீலப்பிரதி முறையும், அதன்பின் வந்த அமோனியாப் பிரதி முறையும் ஒரே குறைபாடுடையன. மூலப்படத்தை ஒளி ஊடுருவினாலன்றிப் பிரதி விழாது. அம்மூலமோ பெரும்பாலும் மாப்பசையூட்டிய துணி. ஈரம் அதன் பகை. பனியும் மழையும் நீங்காத நுவரெலியாவில் அத்துணி எத்தனை காலம் நிலைக்கும்? அது அழிந்தபின் எஞ்சும் நீலத்தாளிலிருந்து அதே பொறியினால் தெளிவான பிரதி பெறுதல் அரிது. அமோனியாப் பிரதியோ வெளிச்சத்தில் வெளிறும்; அதன் நெடி பொறியை இயக்கும் தொழிலாளியின் கண்ணையும் மூச்சையும் வருத்தும். பெரிய தாள்களுக்கான ஸ்கேனருக்கு ஒளி ஊடுருவும் மூலம் தேவையில்லை. மங்கிய கோட்டையும் அது மீட்டுத் தரும். நலிந்த தாளைக் கண்ணாடி உறையிலிட்டும் பதியலாம்.

'கைத்தொலைபேசியாற் படம் பிடித்தாற் போதாதா?' என்பது அடுத்த வாதம். போதாது. நான்கு சங்கிலி ஓர் அங்குலமாக வரைந்த படத்தில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால், நிலத்தில் மூன்று மீற்றருக்கு மேல் பிசகும். ஏழு பேர்ச், அதாவது ஏறத்தாழ 177 சதுர மீற்றர் காணிக்காகப் போராடும் குடும்பத்துக்கு இது சிறு பிழையா?

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. நிலம் இவ்வாறு கைமாறுந்தோறும் அதன் படத்தைக் காக்கும் பொறுப்பும் கைமாறியது. லயத்திலே பிறந்து லயத்திலேயே மடிந்தவர் கைக்கோ ஒரு பிரதியும் எட்டவில்லை. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்ததை நாம் மறக்கலாகாது. ஊற்றும் கானும் முன்னர் எவ்வழி ஓடின என்பதைக் காட்டும் பழைய படம், சரிவின் அடியில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டியதொன்றன்றோ?

ஆகவே பொறியை மாற்றுவதோடு பணி முடிந்துவிடாது. மூலங்களைக் குப்பையில் எறியாது உலர்ந்த அறையிற் காத்தல் வேண்டும். பதிவின் ஒரு பிரதி பிரதேச சபையில் எவரும் பார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டுமின்றி வாங்கப்படும் ஸ்கேனர், பூட்டிய அலுமாரிக்குப் பதிலாகப் பூட்டிய கணினியைத் தருமேயன்றி வேறொன்றும் தராது.

பேராதனைப் பொறியியற் பீடம் மலையகத்தின் வாசலிலேயே நிற்கின்றது. அங்கே வரைபடம் படிக்கக் கற்ற மாணவர், விடுமுறையில் தோட்டத்துக்கொரு படச்சுருளையேனும் பதிந்து தர முன்வருவரா? தேயிலைச் செடிக்கு எல்லைக்கல் நாட்டிய நாடு, அதை நட்டவனுக்கும் எல்லைக்கல் நாட்டுவதற்கு அதுவே முதற்படி.